என்கிளெக்ஸ்: அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வின் அமைப்பும் ஆயத்தமும்

அமெரிக்காவில் செவிலியராகப் பணியாற்ற நர்சிங் பட்டம் மட்டும் போதாது. படிப்பை முடித்தவர் என்கிளெக்ஸ்-ஆர்.என். என்ற உரிமத் தேர்வில் தேறி, வேலை செய்ய விரும்பும் மாநிலத்தின் செவிலியர் வாரியத்திடம் உரிமம் பெற வேண்டும். அந்த நாட்டிலேயே படித்தவருக்கும் சென்னையிலோ மணிலாவிலோ படித்தவருக்கும் தேர்வு ஒன்றுதான். இந்திய நடைமுறை வேறு. தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவர் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் பணியில் சேரலாம். பட்டத்துக்கும் பதிவுக்கும் நடுவே தனியாக ஓர் உரிமத் தேர்வு அங்கே இருந்ததில்லை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் என்கிளெக்ஸின் இயல்பு விளங்கும். ஒருவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதைக் கல்லூரித் தேர்வு அளந்துவிடுகிறது. உரிமத் தேர்வுக்கு வேலை ஒன்றே ஒன்று: அன்றுதான் பணியில் சேரும் ஒருவரை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாமா என்று தீர்ப்பது. கேள்விகள் அமைந்த விதம், மதிப்பெண் இல்லாத முடிவு, ஆளுக்கு ஆள் மாறும் கேள்வி எண்ணிக்கை என்று தேர்வின் விந்தையாகத் தோன்றும் கூறுகள் எல்லாம் இந்த நோக்கத்திலிருந்து பிறந்தவை.

தேர்வு வந்த வழி

அமெரிக்காவின் முதல் செவிலியர் பதிவுச் சட்டத்தை 1903இல் வட கரோலினா மாநிலம் இயற்றியது. நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா ஆகியவை அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. அந்தச் சட்டங்கள் காத்தது பெயரை மட்டுமே. பதிவு செய்யாதவர் தம்மைப் பதிவு பெற்ற செவிலியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. செவிலியர் வேலையைச் செய்யத் தடை இல்லை. உரிமம் இல்லாதவர் அந்த வேலையைத் தொடவே கூடாது என்ற சட்டத்தை முதலில் கொண்டுவந்தது நியூயார்க், 1938இல்.

தொடக்கத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் தேர்வைத் தானே வகுத்தது. தரம் ஊருக்கு ஊர் மாறியது. விடைத்தாள் திருத்தவும் நாளாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செவிலியர் விரைவாகத் தேவைப்பட்டபோது, மாநில வாரியங்கள் வினாக்களைப் பொதுவில் சேர்த்து 1944இல் கூட்டுத் தேர்வு ஒன்றைத் தொடங்கின. மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஐந்து துறைகளின் செவிலியப் பணி அதில் தனித்தனித் தாள்களாகச் சோதிக்கப்பட்டது.

தொழிலாளர் நலம் பேசும் சங்கமே உரிமத்தையும் வழங்குவது முறையாகாது என்ற கருத்து வலுப்பெற்றதால், மாநில வாரியங்கள் அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் குடையிலிருந்து விலகி 1978இல் தங்களுக்கென ஒரு தேசிய மன்றத்தை அமைத்துக்கொண்டன. சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த மன்றம்தான் இன்றும் தேர்வை நடத்துகிறது. 1982இல் என்கிளெக்ஸ் என்ற பெயர் வந்தது. ஐந்து துறைத் தாள்கள் ஒன்றிணைந்தன. நோயாளி எந்த வார்டில் படுத்திருக்கிறார் என்பதற்குப் பதிலாக, அவருக்கு என்ன தேவை என்பது வினாக்களின் அடிப்படை ஆயிற்று. ஆண்டுக்கு இருமுறை தாளில் எழுதப்பட்ட இத்தேர்வு 1994 ஏப்ரலில் முழுவதும் கணினிக்கு மாறியது. 2015 ஜனவரியில் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் இதையே தம் உரிமத் தேர்வாக ஏற்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது அதன் அடுத்த தலைமுறை வடிவம்.

தேர்வறைக்கு முந்திய காகிதப் பயணம்

வெளிநாட்டில் படித்தவருக்குத் தேர்வைவிட அதற்கு முந்திய ஆவண வேலைதான் அதிகக் காலம் பிடிக்கும். முதலில் எந்த மாநில வாரியத்திடம் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத் தேர்வுச் சான்று எப்போது தேவை, கல்வித் தகுதியை யார் மதிப்பிட வேண்டும், குற்றப் பின்னணிச் சோதனை எப்படி நடக்கும் என்பவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

கல்வித் தகுதியை மதிப்பிடும் நிறுவனங்களில் மூத்தது, 1977இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்ட சி.ஜி.எஃப்.என்.எஸ். விண்ணப்பதாரர் தம் கையிலிருக்கும் மதிப்பெண் பட்டியலை அனுப்பினால் அது ஏற்காது. கல்லூரியும் நர்சிங் கவுன்சிலும் ஆவணங்களை நேரடியாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு துறையிலும் வகுப்பில் எத்தனை மணி நேரம், வார்டில் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும். பழைய மாணவர்களின் பதிவேட்டைத் தேடி எடுத்து முத்திரை குத்தி அனுப்பக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளும் காலமே பலருடைய கால அட்டவணையைத் தீர்மானிக்கிறது. திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர், தந்தை பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும் உள்ளவர் ஆகியோர் இதை முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது. தேர்வுப் பதிவிலுள்ள பெயரும் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரும் பொருந்தாவிட்டால் தேர்வறைக்குள் அனுமதி இல்லை.

தேர்வுக்கான பதிவுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுபவர் மேலும் 150 டாலரும் உள்ளூர் வரியும் செலுத்த வேண்டும். வாரியம் தகுதியை உறுதிசெய்ததும் தேர்வெழுதும் அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வரும். அதில் குறித்த காலத்துக்குள் பியர்சன் வியூ மையம் ஒன்றில் நாள் பதிவு செய்ய வேண்டும். காலம் கடந்தால் கட்டணம் திரும்பாது. இந்தியாவில் சென்னை உட்படப் பல நகரங்களில் மையங்கள் உள்ளன.

தேர்வில் தேறினால் விசா தானே வந்துவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, வெளிநாட்டுச் செவிலியர் வேலைக்காகக் குடியேறத் தனியாக ஒரு தகுதிச் சான்று பெற வேண்டும். அதற்கு ஆங்கிலத் தேர்வும் உண்டு. அதன் பின்னும், வேலை தரும் மருத்துவமனையின் மனுவும் குடியேற்ற வரிசையில் காத்திருப்பும் இருக்கின்றன. உரிமம், சான்று, விசா மூன்றும் மூன்று அலுவலகங்களின் கையில் உள்ளவை.

கணினி எப்படி முடிவு செய்கிறது

என்கிளெக்ஸில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் கணினி தேர்வரின் திறனை மறுபடி கணக்கிட்டு, அந்தத் திறனுக்கு ஒத்த அடுத்த கேள்வியை வினா வங்கியிலிருந்து எடுக்கிறது. சரியாக விடையளித்தால் அடுத்தது சற்றுக் கடினமாகும்; தவறினால் எளிதாகும். டென்மார்க்கின் கணித அறிஞர் கியோர்க் ராஷ் வகுத்த அளவை முறை இதன் அடிப்படை. கேள்வியின் கடினமும் எழுதுபவரின் திறனும் இதில் ஒரே அளவுகோலில் வைக்கப்படுகின்றன. அளவுகோலின் அலகுக்கு லாஜிட் என்று பெயர். 2013 ஏப்ரலில் தேர்ச்சிக் கோடு 0.00 லாஜிட் ஆக உயர்த்தப்பட்டது. 2023இல் புதிய வடிவம் வந்தபோதும் அதே கோடு நீடித்தது.

ஒருவர் சரியாகச் சொல்லவும் தவறவும் ஏறக்குறையச் சம வாய்ப்புள்ள கேள்விகளையே கணினி தேடித் தருகிறது. அதனால் திறமைசாலிக்கும் தேர்வு முழுக்கக் கடினமாகத்தான் தோன்றும். பாதிக் கேள்விகளில் சந்தேகத்தோடு வெளியே வருவது தோல்வியின் அடையாளம் ஆகாது. ஒரு கேள்விக்கு விடையளிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. கடந்துவந்த கேள்விக்குத் திரும்பவும் முடியாது.

குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, மொத்த நேரம் ஐந்து மணி. இவற்றில் 15 கேள்விகள் எதிர்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, மதிப்பீட்டில் சேராதவை. எவை அந்த 15 என்று தேர்வருக்குத் தெரியாது. முடிவு மூன்று வழிகளில் எட்டப்படுகிறது. ஒருவரின் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே அல்லது கீழே இருப்பது 95 சதவீத உறுதியோடு தெரிந்த கணத்தில் கணினி நின்றுவிடும். கோட்டுக்கு மிக அருகிலேயே ஊசலாடுபவருக்கு 150 வரை கேள்விகள் வரும். கடைசியில் கணக்கிட்ட திறன் கோட்டைத் தாண்டியிருந்தால் தேர்ச்சி. நேரம் தீர்ந்துபோனால், 85 கேள்விகளை முடிக்காதவர் தோற்றவராவார். முடித்தவருக்கு அதுவரையிலான கணக்கு பார்க்கப்படும்.

ஆகவே 85ஆவது கேள்வியோடு திரை அணைந்தால் வெற்றி என்றோ, 150 வரை போனால் தோல்வி என்றோ சொல்வதற்கு அடிப்படை இல்லை. மிகத் தெளிவான தேர்ச்சியும் மிகத் தெளிவான தோல்வியும் 85இலேயே முடியும். மதிப்பெண், தர வரிசை, முதலிடம் எதுவும் கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவே.

எவை கேட்கப்படும்

மன்றம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, புதிதாகப் பணியில் சேர்ந்த ஆயிரக்கணக்கான செவிலியரிடம் அவர்கள் அன்றாடம் செய்யும் வேலைகளைக் கேட்டறிந்து பாடத்திட்டத்தைத் திருத்துகிறது. 2023ஆம் ஆண்டுத் திட்டத்தில் மிகப் பெரிய பங்கு பராமரிப்பு நிர்வாகத்துக்கு: 15 முதல் 21 சதவீதம். மருந்தியலும் சிரைவழிச் சிகிச்சையும் 13 முதல் 19 சதவீதம். உடல்நிலைச் சிக்கல்களைக் கையாளுதல் 11 முதல் 17 சதவீதம். பாதுகாப்பும் தொற்றுக் கட்டுப்பாடும் 10 முதல் 16 சதவீதம். ஆபத்தைக் குறைத்தல் 9 முதல் 15 சதவீதம். நலம் பேணல், மனநலம், அடிப்படைப் பராமரிப்பு ஆகியவை தலா 6 முதல் 12 சதவீதம்.

பராமரிப்பு நிர்வாகம் என்ற முதல் பகுதிதான் இந்தியாவில் படித்தவருக்கு மிகவும் புதியது. அமெரிக்க வார்டில் பதிவு பெற்ற செவிலியருக்குக் கீழே, குறுகிய படிப்பு முடித்த உரிமச் செவிலியரும், அவருக்கும் கீழே உதவியாளரும் உண்டு. யாரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம் என்பது சட்டம் சார்ந்த கேள்வி. நிலையான நோயாளியைக் குளிப்பாட்டுவதையும் சிறுநீர் அளவு குறிப்பதையும் உதவியாளரிடம் விடலாம். நோயாளியை மதிப்பிடுதல், கற்பித்தல், சிகிச்சையின் பலனை எடைபோடுதல் ஆகியவற்றை விட முடியாது. இவற்றில் பல வேலைகளை உறவினரே செய்யும் மருத்துவமனைச் சூழலில் பயின்றவருக்கு இந்தப் பாகுபாடு பழக்கத்தில் இருப்பதில்லை. படித்துத்தான் பெற வேண்டும்.

முன்னுரிமைக் கேள்விகள் தேர்வின் சாரம். மாதிரிக்கு ஒன்று. பணி மாறும் நேரத்தில் நான்கு நோயாளிகள் ஒப்படைக்கப்படுகிறார்கள். ஒருவருக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலி பத்துக்கு ஏழு. ஒருவரின் இரத்தச் சர்க்கரை 210. ஒருவர் வீடு திரும்பக் காத்திருக்கிறார். நான்காமவர் ஆஸ்துமா நோயாளி. ஒரு மணி நேரம் முன்புவரை கேட்ட வீசிங் இப்போது கேட்கவில்லை, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார். முதலில் யாரைப் பார்ப்பது? வலியும் சர்க்கரையும் கவனிக்க வேண்டியவைதான். ஆனால் ஆஸ்துமா நோயாளியின் அமைதி குணமானதன் அறிகுறி என்று எடுத்துக்கொள்பவர் தவறிவிடுவார். மூச்சுக்குழல் இறுகிக் காற்று போய்வருவதே நின்றுகொண்டிருக்கிறது. மயக்கம் அதை உறுதிசெய்கிறது. ஆஸ்துமாவின் இலக்கணத்தை இரண்டு பக்கம் எழுதத் தெரிந்த ஒருவர்கூட இந்தக் கேள்வியில் வழுக்க முடியும்.

புதிய வடிவம்

2023இல் வந்த மாற்றம் இத்தகைய தீர்மானத் திறனை இன்னும் நேரடியாகச் சோதிக்கிறது. மருத்துவச் சிந்தனை ஆறு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: அறிகுறிகளைக் கண்டறிதல், அவற்றை ஆராய்தல், சாத்தியங்களை வரிசைப்படுத்துதல், தீர்வுகளை வகுத்தல், செயல்படுதல், விளைவை மதிப்பிடுதல். ஒவ்வொரு தேர்வருக்கும் மதிப்பீட்டில் சேரும் மூன்று நோயாளி விவரங்கள் தரப்படும். செவிலியர் குறிப்பு, ஆய்வக முடிவு, மருத்துவர் உத்தரவு எல்லாம் மருத்துவமனைக் கணினியில் இருப்பதைப்போலத் திரையில் தனித்தனித் தாவல்களில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள், ஆறு படிகளுக்கு ஒன்றாக.

குறிப்பில் கவலை தரும் வரிகளைத் தொட்டுக் குறித்தல், கட்டங்களை நிரப்புதல், வாக்கியத்தின் இடைவெளிக்குச் சொல்லைத் தேர்தல் எனக் கேள்வி வகைகளும் பெருகியுள்ளன. பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகள் முன்பு எல்லாம் சரி அல்லது எல்லாம் தவறு என்று கணக்கிடப்பட்டன. இப்போது பகுதி மதிப்பு உண்டு. சரியான தெரிவுக்கு ஒன்று கூடும், தவறான தெரிவுக்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எத்தனை குறிக்க வேண்டும் என்று கேள்வியே சொல்லிவிடும் வகையில் இந்தக் கழித்தல் இல்லை. குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் குறிப்பவருக்கு இந்த ஏற்பாட்டில் பயன் கிடையாது.

ஆயத்தம்

தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரிகளின் தேர்வுகள் பெரும்பாலும் எழுத்து விடையை மையமாகக் கொண்டவை. வரையறு, வகைப்படுத்து, பராமரிப்பை விவரி என்ற கேள்விகளுக்கு நினைவிலிருந்து எழுதுபவர் அங்கே வெல்வார். என்கிளெக்ஸில் நான்கு விடைகளும் சரியானவையாக இருக்கலாம். எது முதலில் என்பதே கேள்வி. அதனால் பாடநூலை மறுபடி முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பது பலன் குறைந்த வழி. தினமும் ஓர் அளவு மாதிரிக் கேள்விகளை எழுதி, ஒவ்வொரு விடைக்கும் விளக்கத்தை வாசிப்பதே பயன் தரும். சரியாகச் சொன்ன கேள்வியின் விளக்கத்தையும் வாசிக்க வேண்டும். தவறான காரணத்தால் சரியான விடை விழுவது உண்டு. எந்தப் பாடத்தில் தவறு நேர்ந்தது என்பதோடு, எப்படி நேர்ந்தது என்றும் குறித்துவைக்க வேண்டும்: அறியாமையா, கேள்வியை அவசரமாகப் படித்ததா, கேள்வியில் இல்லாததைக் கற்பனை செய்துகொண்டதா என்று.

மருந்துப் பெயர்கள் தனிக் கவனம் கேட்பவை. தேர்வில் வணிகப் பெயர்கள் வருவதில்லை. மூலப் பெயர்களும் அமெரிக்க வழக்கில் இருக்கும். இங்கே பாராசிட்டமால் என்று சொல்வது அங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின், லிக்னோகெய்ன் லைடோகெய்ன். தெரிந்த மருந்தே அயல் பெயரில் வந்து ஆளைத் தடுமாறச் செய்யும்.

மருந்தளவுக் கணக்கில் பவுண்டு வரலாம். 44 பவுண்டு எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அசிட்டமினோஃபென் தர வேண்டும். 5 மில்லிலிட்டரில் 160 மில்லிகிராம் உள்ள சிரப் இருக்கிறது என்று கேள்வி. ஒரு கிலோ 2.2 பவுண்டு என்பதால் எடை 20 கிலோ, தேவை 300 மில்லிகிராம், அளவு 9.375 மில்லிலிட்டர். ஒரு தசம இடத்துக்குத் திருத்தச் சொன்னால் 9.4. முதல் படியில் பவுண்டைக் கிலோ என்று எடுத்தவர் இருமடங்குக்கு மேல் மருந்து கொடுத்திருப்பார்.

தொற்றுக் கட்டுப்பாட்டில் நோய்களைப் பரவும் வழியால் நினைவில் கொள்ள வேண்டும். காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவை காற்றுவழிப் பரவுபவை. அவற்றுக்கு என்-95 முகக்கவசமும் காற்றழுத்தம் குறைத்த தனி அறையும் தேவை. இன்ஃபுளுவென்சா, கக்குவான் ஆகியவை நீர்த்துளிவழிப் பரவுபவை. குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் வயிற்றுப்போக்கில் ஆல்கஹால் கைக்கழுவி வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.

தேர்வு எழுதி வந்தவர்கள் நினைவிலிருந்து சொல்லும் கேள்விகளைத் தொகுத்து விற்பவர்களும் உண்டு. கேள்விகளை வெளியிடுவதில்லை என்று ஒவ்வொரு தேர்வரும் ஒப்புதல் தருகிறார்; மீறினால் முடிவு ரத்தாகலாம், உரிமமும் போகலாம். வினா வங்கி மிகப் பெரியது என்பதால் அந்தத் தொகுப்புகளால் பயனும் அற்பமே.

தேர்வு நாளும் அதன் பின்னும்

மையத்தில் பாஸ்போர்ட் சரிபார்ப்பு, புகைப்படம், கையெழுத்து, உள்ளங்கை இரத்தக் குழாய்ப் பதிவு ஆகியவை நடக்கும். கைபேசியும் கைக்கடிகாரமும் உள்ளே போகா. குறித்துக்கொள்ள அழிபலகை தருவார்கள். கணிப்பான் திரையிலேயே இருக்கும். இரண்டு மணி நேரம் கழிந்ததும் முதல் இடைவேளை, மூன்றரை மணிக்குப் பின் இரண்டாவது. இடைவேளையும் ஐந்து மணிக் கணக்கில் சேரும். 150 கேள்விகள் வந்தாலும் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும் என்பதால், நிதானமே நல்லது.

முடிவை அறிவிப்பது மையமன்று, மாநில வாரியம். தோற்றவருக்கு ஒவ்வொரு பாடப் பகுதியிலும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா, அருகிலா, கீழேயா என்று காட்டும் அறிக்கை வரும். அடுத்த முயற்சிக்கான ஆயத்தத்தை அதிலிருந்து தொடங்குவதே முறை. பொதுவாக 45 நாள் இடைவெளிக்குப் பின் மீண்டும் எழுதலாம். எத்தனை முறை என்பதில் மாநில விதிகள் வேறுபடும்.

தேர்வின் எல்லை

அமெரிக்காவில் படித்து முதல்முறை எழுதியவர்களில் 2022இல் 79.9 சதவீதமும், புதிய வடிவம் வந்த 2023இல் 88.6 சதவீதமும் தேறினர். வெளிநாட்டில் படித்தவர்களின் தேர்ச்சி இதைவிடக் குறைவு.

தேர்வு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை 2023 ஜனவரியில் வெளிப்பட்ட ஒரு மோசடி காட்டியது. புளோரிடாவின் மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்களை விற்றிருந்தன என்று அமெரிக்க நீதித் துறை அறிவித்தது. அவற்றை வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் என்கிளெக்ஸில் தேறியிருந்தனர். வார்டுப் பயிற்சியே இல்லாமல் மூன்றில் ஒரு பங்கினர் தேற முடிந்தது தேர்வின் குறைபாடு என்று சிலர் கருதலாம். மூன்றில் இரு பங்கினரைத் தேர்வு தடுத்தது என்பதும் அதே கணக்கில் உள்ளது. ஊசி போடும் கையின் உறுதியையும், வலியில் இருப்பவரிடம் பேசும் விதத்தையும் எந்தக் கணினியும் அளக்காது. அவற்றுக்குப் படிப்பும் வார்டும்தான் பொறுப்பு. அதனால்தான் வாரியங்கள் தேர்வு முடிவோடு, கல்லூரி அனுப்பும் பயிற்சி மணி நேரக் கணக்கையும் விடாமல் கேட்கின்றன.

என்கிளெக்ஸ் சிறந்த செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் போட்டித் தேர்வு அன்று. பாதுகாப்பான தொடக்கநிலைச் செவிலியரை அடையாளம் காணும் வடிகட்டி. இதை உணர்ந்து, மனப்பாடத்தை ஒதுக்கி முன்னுரிமைச் சிந்தனையைப் பழகிக்கொள்பவருக்கு, தமிழ்நாட்டு வார்டுகளில் பெற்ற அனுபவமே பெரிய முதலாகும். அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது மருத்துவம் அல்ல. அமெரிக்க வார்டின் விதிகளும், மருந்துகளின் வேறு பெயர்களும், கேள்வியை நிதானமாகப் படிக்கும் பழக்கமும்தான்.